சடைக்கு இருபது நிமிஷம்

தபாலை அடுக்கத் தெரிந்தவனுக்குச் சமையல்கட்டு ஒரு காரியமா என்ற நினைப்பில்தான் உள்ளே நுழைந்தேன்.

அம்பாசமுத்திரத்தில் எனக்குத் தபால்காரன் வேலை. காலையில் பை வந்து இறங்கியதும் கடிதங்களைத் தெரு வாரியாகப் பிரிப்போம், தெருவுக்குள் வீட்டு வாரியாக அடுக்குவோம். முதலில் கொடுக்க வேண்டியது மேலே, கடைசியில் கொடுக்க வேண்டியது அடியில். அப்படி வைத்துக்கொண்டால் நடுத்தெருவில், உச்சி வெயிலில் வண்டியை நிறுத்திப் பையைத் துழாவ வேண்டியதில்லை. இந்த ஒரு ஞானத்தை வைத்தே ஒரு வீட்டை ஓட்டிவிடலாம் என்று இருந்தேன்.

ஓட்ட வேண்டிய கட்டாயம் எப்படி வந்தது என்றால், என் வீட்டுக்காரி நர்ஸ். பல வருஷம் காத்திருந்து அரசாங்க வேலை கிடைத்தது. போட்ட இடம் கிருஷ்ணகிரிப் பக்கம். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மாறுதலுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் சனிக்கிழமை விடியும்போது பஸ்ஸிலிருந்து இறங்குவாள், ஞாயிறு சாயங்காலம் ஏறிவிடுவாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் எட்டு வயது மகளும்தான்.

முதல் மாதம் நாங்கள் சாப்பிட்டதை எழுத மாட்டேன். சாப்பிட்ட பிள்ளையே மறந்துவிட்டது, நான் எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்?

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். தபால்காரனுக்குத் திறக்காத கதவு கிடையாது. கடிதத்தைக் கொடுக்கிற கையோடு, 'நாளைக்குக் காலைல என்ன வைக்கலாம், சீக்கிரமா முடியணும்' என்று கேட்க ஆரம்பித்தேன். ஊரில் கையெழுத்துப் போட யோசிக்கிறவர்கள்கூட யோசனை சொல்ல யோசிப்பதில்லை. நான் தபால் கொடுக்கிற பீட்டில், முன் அறையில் இரண்டு மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். பேச்சு அவளுக்கு நூலை விட வேகமாக ஓடும். அவள்தான் சொன்னாள்: "தம்பி, நேரத்தையும் உளுந்து மாதிரி முந்தின நாளே ஊறப் போடணும். அப்பத்தான் காலைல பொங்கும்."

அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மாவு ஆட்டினால் புதன்வரை இட்லி, வியாழன் தோசை, வெள்ளிக்கிழமை மாவு புளித்த புளிப்புக்கு வெங்காயம் போட்டு ஊத்தப்பம். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். பருப்புப்பொடி ஒரு பாட்டில். தேங்காயைத் துருவி டப்பாவில் அடைத்து ஐஸ் பெட்டியில். உளுந்தஞ்சோற்றுக்கு அரிசியும் கறுப்பு உளுந்தும் வெந்தயமும் அளந்து பொட்டலமாகக் கட்டி வைத்துவிடுவேன். காலையில் பூண்டும் தேங்காயும் சேர்த்துக் குக்கரில் போட்டு நாலு விசில். தொட்டுக்க எள்ளுத் துவையல். குக்கர் கூவி முடிக்கிற நேரத்துக்குள் நான் குளித்துவிட்டு வந்திருப்பேன்.

பிள்ளையின் யூனிபாரத்தையும் விடவில்லை. சட்டை, பாவாடை, சாக்ஸ் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு கட்டு, ரப்பர் பேண்டு போட்டு, திங்கள் மேலே, வெள்ளி அடியில். அதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "ஏப்பா, எம்மேலயும் ஒரு ஸ்டாம்ப் ஒட்டி வேன்ல போட்டுருவியோ?"

இப்படி நேரத்தை அரித்து அரித்து, ஐந்து மணிக்கு எழுந்தவன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டேன். எனக்குப் பிடிபடாமல் நின்றது ஒன்றே ஒன்று. சடை.

அம்மாவின் முடி மகளுக்கு. இடுப்புக்குக் கீழே, கைக்கு அடங்காத கனம். பள்ளிக்கூடத்தில் ரெட்டைச்சடை போட்டு மடித்துக் கட்ட வேண்டும், கறுப்பு ரிப்பன் வைத்து. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போய்விடும். உளுந்தை ஊறப் போடலாம், முடியை ஊறப் போட முடியுமா? முந்தின நாளே பின்னி வைத்தால் தூங்கி எழும்போது தேர்வடக் கயிறு மாதிரி முறுக்கிக் கிடக்கும். வாசலில் வேன் வந்து ஹார்ன் அடிக்கும்போது நான் வாயில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு நிற்பேன். வேன்காரர் எட்டிப் பார்த்து, "என்னவே, ஒரு சடை பாவநாசத்தப் பாக்கு, இன்னொண்ணு திருநேலியப் பாக்கு?" என்பார். பிள்ளை திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொள்ளும்.

அவளுடைய அம்மா வருகிற ஞாயிறுகளில் கதையே வேறு. காலையில் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, புறவாசல் படியில் உட்கார்ந்து சிக்கெடுப்பாள். மகள் ஒரு படி கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். போனில் எத்தனை கேள்வி கேட்டாலும் 'நல்லாருக்கேன்' என்பதற்கு மேல் வாய் திறக்காத பிள்ளை அது. அந்தப் படியில் உட்கார்ந்ததும் பதினைந்து நாள் கதையும் கொட்டும். யார் பென்சிலை யார் எடுத்தார்கள், யார் யாரோடு டூ விட்டார்கள், கணக்கு டீச்சர் என்ன சொன்னார்கள், எல்லாம். இரண்டு மணி நேரம் ஆகும். நான் துணியை அலசிக்கொண்டே நடுவில் இரண்டு தரம் கேட்பேன், "இன்னுமா முடியல?" என்று. என் கணக்கில் அதுவும் ஒரு வேலைதான். பாத்திரம் கழுவுகிற மாதிரி, துணி மடிக்கிற மாதிரி.

ஒரு வியாழக்கிழமை வேனை விட்டுவிட்டோம். பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு ஆபீசுக்கு ஓடினால், மற்றவர்கள் எல்லாரும் அடுக்கி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அன்று முழுக்க என் மண்டையில் அந்த இருபது நிமிஷம்தான் சுற்றியது. சாயங்காலம் அவளிடம் கேட்டேன்.

"முடியக் கொஞ்சம் வெட்டிருவோமாளா?"

அவள் யோசித்தாள். "அப்ப ஒனக்கு லேட்டாகாதுல்லாப்பா?"

"ஆகாது."

"அப்பச் சரி." கொஞ்சம் கழித்து, "அம்மாட்டக் கேட்டியா?"

"அம்மாவுக்கும் வேல மிச்சம்தான."

அன்றைக்கே கூட்டிக்கொண்டு போன பார்லரில் ரெட்டைச்சடையை அவிழ்க்கக்கூட இல்லை. அப்படியே வெட்டினால் சுலபம் என்று அந்தப் பெண் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கத்தரித்துவிட்டு, காதோரம் சீராக்கிவிட்டாள். முடியை விடச் சிரிப்புத்தான் அதிகம் அந்தக் கடையில். எல்லாரும் "அழகா இருக்கு, அழகா இருக்கு" என்றார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கழுத்து அவ்வளவு மெலிந்தது என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பின்கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

ஏழு மணிக்கு அம்மாவின் வீடியோ கால் வந்தது. பிள்ளை குடுகுடுவென்று ஓடிப்போய்த் துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"குளிச்சியாளா, இந்நேரத்துல?"

"ம்."

"எப்படி இருக்க?"

"நல்லாருக்கேன்."

போனை வைத்தபிறகும் துண்டை எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உள்ளே ஏதோ இடறியது. ஆனாலும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். முடிதானே, வளராமலா போகும்?

மறுநாள் தையல் அக்காவிடம் பெருமையாகவே சொன்னேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையாக்கும். வீட்டுக்காரி நாளைக்கு வாராள்லா?"

"வாரா. வளந்திரும்லாக்கா?"

"முடி வளரும் தம்பி. நாளைக்கு அவ வந்து எதைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவா?"

கடிதத்தை மாற்றி வேறு வீட்டில் போட்டுவிட்டு வந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. அதையாவது திரும்பப் போய் வாங்கிவிடலாம்.

சனிக்கிழமை விடிகாலை பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீட்டுக்காரியை ஏற்றிக்கொண்டு வந்தேன். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம் சொன்னேன். வாசல் வந்ததும், வண்டியை அணைத்துவிட்டு, அணைத்த வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் இறங்கி உள்ளே போனாள். தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தலைக்கு நேராகக் கொண்டுபோய், வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

காப்பியைக் கொடுக்கும்போதுதான் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் மிச்சம் பிடிச்சிய?"

"ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்."

"நேத்து அந்த இருபது நிமிஷத்துல என்ன செஞ்சிய?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. "சட்னி அரைச்சேன்," என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் நிறைந்துவிட்டது. "நல்லா அரைச்சிய போங்க," என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

அன்று முழுக்க மகள் சமர்த்தாக இருந்தாள். சமர்த்து என்றால், விருந்துக்கு வந்த வீட்டில் இருப்பது போல. கேட்டதற்குப் பதில், கூப்பிட்டால் வருகை. அம்மா "நல்லாருக்குளா ஒனக்கு" என்று சொன்னதற்கு "ம்" என்றாள்.

ஞாயிறு காலை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். குளித்து முடித்ததும் துண்டால் இரண்டு தேய்ப்பு, சீப்பால் நாலு இழுப்பு. முடிந்துவிட்டது. மணி எட்டரைகூட ஆகவில்லை. மகள் படியில் உட்காரலாமா வேண்டாமா என்று நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் டிவியைப் போட்டாள். என் வீட்டுக்காரி ஈரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே இருந்தாள்.

செய்வதற்கு வீட்டில் வேறு வேலையும் இல்லை. அதுதான் கொடுமை. மாவு ஆட்டியாகிவிட்டது, துணி துவைத்துக் காய்கிறது, தேங்காய் துருவியாகிவிட்டது, ஐந்து கட்டு யூனிபாரமும் அலமாரியில் வரிசையாக இருக்கிறது. சாயங்காலம் நாலரைக்கு அவளுக்குப் பஸ். அவ்வளவு நேரத்தையும் மிச்சம் பிடித்து நான்தான் அவளிடம் கொடுத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அப்போது சைக்கிளில் கீரை விற்கிற அம்மா குரல் கொடுத்துக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரி சட்டென்று எழுந்து ஓடி, முருங்கைக்கீரையை ஒரு கட்டு இல்லை, இரண்டு கை கொள்ளாமல் வாங்கி வந்தாள். ஆய்வதற்கு நேரமாகும் என்று நான் கீரைப் பக்கமே போவதில்லை.

"இன்னைக்குக் கூட்டாஞ்சோறு," என்றாள் என்னிடம். "நான் சொல்லுத வரைக்கும் அடுப்பப் பத்த வைக்காதிய." பிறகு உள்ளே பார்த்து, "ஏளா, இங்கன வா. இவ்வளவு கீரைய நான் ஒருத்தியா ஆயுததுக்குள்ள பஸ்ஸு போயிரும்."

பிள்ளை வந்தாள். படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் ஆய்ந்த இலையைப் போடச் சொளவு. இரண்டு பேரும் குனிந்துகொண்டு இணுக்கு இணுக்காக உதிர்த்தார்கள். நான் சமையல்கட்டில் பருப்பைக் களைந்து வைத்துவிட்டு, கத்தரிக்காயை நறுக்குவதா வேண்டாமா என்று நின்றேன். ரொம்ப நேரம் இலை உதிர்கிற சத்தம்கூட இல்லை. முருங்கை இலைக்கு ஏது சத்தம்?

பிறகு மகளின் குரல் கேட்டது. தலை நிமிராமல்தான் பேசியிருக்க வேண்டும், சொளவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"கிளாஸ்ல என்னையத் தம்பின்னு கூப்பிடுதாங்க."

"யாருளா?"

"எல்லாரும்தான். நான் ஒண்ணும் அழல."

"ம்."

"ஒருத்தி மட்டும் கூப்பிடல. அவகூடத்தான் இப்ப சேந்து சாப்பிடுதேன். அவ புளிச்சோறு பிடிக்கும்னா, பாதியக் குடுத்துட்டேன்."

"நல்ல காரியம்."

"ம்மா."

"என்னளா?"

"இனிமே நீ வந்தா எங்கூட என்ன செய்வே?"

எனக்குக் கத்தியைக் கீழே வைக்கத் தோன்றியது. வைத்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எது யாருடையது என்று தெரியவில்லை.

"கீரை ஆய்வோம்," என்றாள் என் வீட்டுக்காரி. "அவரக்காய்க்கு நார் உரிப்போம். உள்ளி உரிப்போம். பட்டாணி உரிப்போம். ஊருல உரிக்கதுக்கா சாமான் இல்ல?"

பிள்ளை சிரித்தாள். சிரித்துக்கொண்டே கணக்கு டீச்சரைப் பற்றி ஆரம்பித்தாள். அது முடியும் முன்னே வேன்காரரைப் பற்றி ஒன்று. அதற்கு நடுவில் ஒரு நாய்க்குட்டி. எனக்குப் பாதிதான் விளங்கியது.

"அங்கன நின்னு ஒட்டுக் கேக்காதிய," என்று குரல் வந்தது. "வந்து ஒக்காருங்க."

போய் ஒரு படி கீழே உட்கார்ந்தேன். ஒரு கிளையை எடுத்து என் மடியில் போட்டாள். வேலை என்று கையில் வந்துவிட்டால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதானே. நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவிச் சொளவில் போட்டேன். காம்பும் இலையுமாகப் பாதி விழுந்தது.

மகள் அதைப் பொறுக்கி என் கையில் திரும்ப வைத்தாள்.

"பைய பையப்பா," என்றாள். "ஒவ்வொண்ணா."