தையலுக்குள் போன முகம்

எங்கள் சங்கரன்கோவில் நூலகத்தில் பழைய நாளிதழ்களை மாதவாரியாகச் சேர்த்துத் தைத்து வைப்பது நான்தான். கோணி ஊசியில் சணலைக் கோத்து நான் தைத்த கட்டு பிரிந்ததாகச் சரித்திரமே கிடையாது. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. போன வருஷம் எல்லாக் கட்டுகளையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். தையலைப் பிரித்தால் தாள் வீணாகும் என்று சண்டை போட்டு, பிரிக்காமலே ஸ்கேன் செய்ய வைத்தவனும் நான்தான்.

வேலை முடிந்ததும் மேலதிகாரி வந்தார். "அதான் எல்லாம் ஏத்தியாச்சே, இனி தாள் எதுக்கு? எடைக்குப் போட்டுரலாம்" என்றார். நானா விடுவேன்? இடத்தை அடைக்கிறது என்றார். வேண்டுமானால் என் மேஜையை வராந்தாவில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் பனவடலிசத்திரத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"அண்ணாச்சி, எந்தம்பி இங்க கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துல காணாமப் போயி இருவது வருசமாச்சு. அப்பம் பேப்பர்ல போட்டோ போட்டோம். வீட்ல இருந்ததே அந்த ஒண்ணுதான், குடுத்தது திரும்பி வரல. அவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்."

கம்ப்யூட்டரில் தேடினேன். 'காணவில்லை' அறிவிப்பு கிடைத்தது. ஆனால் படத்தில் பாதி முகம்தான் இருந்தது. மீதி பக்கத்தின் உள்ளோரத்தில், என் தையலுக்குள் போயிருந்தது. ஒரு கண்ணும் இறுகிய உதட்டோரமும் மட்டும் தெரிந்தன.

அந்த அம்மா திரையையே பார்த்தார். "கோவமாத்தான் இருக்கான். அன்னைக்குக் கூட்டத்துல வச்சு நான்தான் ஏசினேன். அதுக்கப்புறம்தான் ஆளக் காணல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே போய் அந்த மாதத்து நாளிதழ்க் கட்டை இறக்கிவந்து, பிளேடால் சணலை அறுத்தேன். என் தையலை நானே அறுத்தது அதுதான் முதல் தடவை. தாளை மேஜைமேல் விரித்து நீவிவிட்டேன். முழு முகமும் வெளியே வந்தது.

"சிரிச்சிக்கிட்டுல்லா இருக்கான்" என்றார் அந்த அம்மா.

நூலகம் மூடும்வரை அவர் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை. மேலதிகாரி மறுபடி எடைக்குப் போடச் சொல்லி வரட்டும், இந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுவேன். அந்த ஒரு கட்டை மட்டும் நான் இன்னும் தைக்கவில்லை.