மேடம் வைச்சிட்டுப் போன நாலு பெட்டி

என்னட்ட ஒரு கெட்ட குணம் இருக்கு. ஒரு வீட்டுக் குசினி என்ர கைக்கு வந்திட்டுதெண்டால், அங்க வேற ஒருத்தரும் ராச்சியம் நடத்தக் கூடாது. பஹ்ரைனில, ஈசா டவுனில, வயசான ஐரிஷ் சோடி ஒண்டின்ர வீட்டில ஒன்பது வருசம் வேலை செய்தனான். குசினிக்குள்ள மேடத்துக்கும் எனக்கும் ஒரே இழுபறிதான். ஒண்டில மட்டும் நான் விட்டுக் குடுத்தனான்: அவவின்ர மாட்டிறைச்சி ஸ்டூ.

நாங்கள் மாடு தின்னிற ஆக்கள் இல்லை. வெங்காயம், கரட், உருளைக்கிழங்கு வெட்டிக் குடுத்திட்டுத் தள்ளி நிண்டிடுவன். அவ இறைச்சியை மாவில பிரட்டி, கொஞ்சம் கொஞ்சமாப் பொரிச்செடுத்து, ரெண்டு மூண்டு மணித்தியாலம் மெல்லிய நெருப்பில விடுவா. தூளும் இல்லை, உறைப்பும் இல்லை. ஆனா தை மாசம் குளிர்காத்து அடிக்கிற பின்னேரங்களில, அவவின்ர மனுசன், எங்கட சேர், அந்தக் கோப்பையை வழிச்சுத் துடைச்சுத் தின்னுவார்.

மேடத்துக்கு நோய் கடுமையான வருசம், வேர்த்துக் கொட்டிற ஆவணி மாசத்தில, அடுப்படியில கதிரை போட்டு இருந்து ஸ்டூ வைச்சா. ஆறவிட்டு நாலு பெட்டியில போட்டு பிரீசருக்குள்ள அடுக்கினா. "குளிர் வரேக்க அவருக்கு வேணும்," எண்டா. தான் அதுவரைக்கும் இருக்க மாட்டன் எண்டு அவவுக்குத் தெரியும். சேர் வாசலில நிண்டு பாத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாசம் அவ ஆஸ்பத்திரியில செத்துப் போனா. உடம்பை அவையின்ர ஊருக்குக் கொண்டு போச்சினம். சேரும் கூடப் போய் ரெண்டு கிழமை நிண்டார். வீட்டில நான் தனிய. சாவுத் துடக்கெண்டால், அதுதான் தீட்டு, எங்கட ஆக்கள் வீடு முழுக்கக் கழுவி, சமைச்சுக் கிடந்த எல்லாத்தையும் எறிஞ்சிடுவினம். நானும் கழுவினன், எறிஞ்சன். அந்த நாலு பெட்டியையும்தான். அந்த மனுசிக்குச் செய்யிற கடமை எண்டு நினைச்சுத்தான் செய்தனான், சத்தியமா. மாட்டிறைச்சி துலைஞ்சுது எண்ட நிம்மதியும் கொஞ்சம் இருந்தது, ஏன் பொய் சொல்லோணும்.

சேர் அந்தப் பெட்டியளைத் தொடாமல் குளிர் வரட்டும் எண்டு காத்திருந்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. தை மாசம் முதல் குளிரடிச்ச பின்னேரம் குசினிக்குள்ள வந்து பிரீசரைத் திறந்தார். ஒவ்வொரு தட்டாப் பாத்தார். பிறகு திரும்பி, "எங்க?" எண்டு கேட்டார்.

துடக்கைப் பற்றி அந்த மனுசனுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது? வேலை போனால் விசாவும் போகும். "நீங்கள் இல்லாத நேரம் பிரிட்ஜ் நிண்டு போச்சு சேர். எல்லாம் பழுதாப் போச்சு," எண்டன்.

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பன். கதவைச் சாத்திப்போட்டுக் கதிரையில இருந்தார். "பிரிட்ஜ் சத்தம் போடுது, புதுசு வாங்குவம் எண்டு அவள் எத்தினை தரம் சொன்னவள். நான்தான் பாப்பம் பாப்பம் எண்டு விட்டிட்டன். என்ர பிழை," எண்டார்.

இல்லை சேர், நான்தான் எறிஞ்சனான் எண்டு சொல்ல அந்த ஒரு நிமிசம் போதும். நான் வாயைத் திறக்கேல்லை. அதுக்குப் பிறகு மூண்டு வருசம் அந்த வீட்டில இருந்தன், அப்பவும் சொல்லேல்லை. இப்ப அவரும் இல்லை. தன்ர பிழை எண்டு நினைச்சுக்கொண்டே போயிருப்பார். அதை நினைச்சால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் பெட்டியளைக் கேட்ட அடுத்த நாளே அவர் புது பிரிட்ஜ் வாங்கினார். ஒரு நாளும் நிண்டு போகாத அந்தப் பழசை வெளியில எடுத்து வைக்க நானும் ஒரு பக்கம் பிடிச்சன். அதுக்குள்ள ஐஸ் இன்னும் கரையவே இல்லை.