விழிதியூரில் எழுதிக் கொடுத்தது

காலை 5.15. கிளாம்பாக்கத்தில் காரைக்கால் பேருந்து புறப்பட்டபோது என் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே ஒரு சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி, மடித்த சட்டை. மூன்றும் சேகருடையவை. நான்கு மாதமாக அலுவலக அலமாரியில் கிடந்தவை. தபாலில் அனுப்பியிருக்கலாம், மனம் வரவில்லை.

சென்னைக்குத் தெற்கே ஒரு டேட்டா சென்டரில் நான் மின்சாரப் பிரிவின் ஷிப்ட் பொறுப்பாளர். சேகர் என்னிடம் வேலை பார்த்த எலக்ட்ரீஷியன். செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகள் வரத் தொடங்கிய பிறகு எங்களுக்கு ஓய்வே இல்லை. அவற்றை அடுக்கிய ஓர் அலமாரி மட்டுமே, நான் குடியிருக்கும் தெரு முழுவதும் செலவழிக்கிற மின்சாரத்தை இழுக்கும். புதிது புதிதாகக் கேபிள் இணைத்துக்கொண்டே இருந்தோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் இணைக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒரு மணி நேரம்கூட நிறுத்தச் சம்மதிக்கவில்லை என்று மேலிடம் சொன்னது. மின்சாரம் ஓடும்போதே வேலை செய்யலாம் என்று நான் கையெழுத்துப் போட்டேன். சேகர் மின்சாரப் பேனலைத் திறந்தார். உள்ளிருந்து பாய்ந்த தீ ஒரு நொடிதான் இருந்தது. மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனார்.

சுமார் 270 கிலோமீட்டர், டிக்கெட் 290 ரூபாய். சிதம்பரத்தில் இட்லி வாங்கினேன். பூவத்தில் மதுக்கடைப் பலகைகள் வரிசையாகத் தொடங்கியதும் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பகுதிக்குள் வந்துவிட்டது தெரிந்தது.

பகல் 12.20. காரைக்கால் பேருந்து நிலையம். ஆட்டோ ஓட்டுநர் காதர் பாய் விழிதியூருக்கு 200 ரூபாய் கேட்டார்.

"யாரு வூட்டுக்குப் போவணும்?"

சொன்னேன்.

"மெட்ராஸ்ல கரண்டுல போயிட்டாரே, அவரா?"

ஆமாம் என்றேன். சம்பா அறுத்த வயல்களில் உளுந்து முளைத்து, வாய்க்காலோரம் வரை பச்சையாக இருந்தது.

1 மணி. சேகரின் மனைவி மலர்க்கொடி நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டார்.

"உள்ள புழுக்கமா இருக்கு, இங்கயே உக்காருங்க சார். கரண்டு போஸ்ட்ல ஆளு ஏறியிருக்காங்க. அவுங்க எறங்குனாத்தான் கரண்டு வரும்."

எதிரே மாவு மில் நின்றுபோயிருந்தது. அரிசி அரைக்க வந்த பெண்கள் தூக்குப் பாத்திரத்தோடு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எப்போது வரும் என்று யாரும் முணுமுணுக்கவில்லை.

பையை வாங்கிய மலர்க்கொடி கண்ணாடியை மட்டும் வெளியே எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா சார்? இங்க ஒரு ஆளு ஏறுனா ஊருக்கே நிறுத்துறாங்க. அங்க நிறுத்த முடியாதா?"

"முடியும்."

"பொறவு ஏன் நிறுத்தல?"

நான் பதில் சொல்வதற்குள், பிளஸ் ஒன் படிக்கும் மகள் காவ்யா ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"கம்பெனியிலேருந்து வந்துச்சு சார். இங்கிலீஷ்ல இருந்துச்சு. போட்டோ எடுத்து, போன்ல ஏஐகிட்ட குடுத்தேன். தமிழ்ல படிச்சுக் காட்டிச்சு."

"என்னன்னு?"

"'ஊழியரின் சொந்தக் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.'" பாடம் ஒப்பிப்பதுபோல் தடுமாறாமல் சொன்னாள். "தப்பாப் படிக்குதோன்னு மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் அப்புடித்தான் சொல்லிச்சு."

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். போன் சரியாகத்தான் படித்திருந்தது. விசாரணையில் இந்த வாக்கியத்தை எழுதியபோது நானும் அந்த அறையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"வூட்ல பல்பு மாத்தக்கூட மெயின அணைச்சுட்டுத்தான் கை வைப்பாங்க," என்றார் மலர்க்கொடி. "நீங்க கூட வேல பாத்தவங்க. சொல்லுங்க, கவனமில்லாத ஆளா அவுங்க?"

"இல்லங்க. நிறுத்தக் கூடாதுன்னு மேல சொன்னாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். சேகர் ரெண்டு தடவ கேட்டாரு, 'சார், அரை மணி நேரம் அணைக்கலாமே'ன்னு. நான்தான் முடியாதுன்னேன்."

மலர்க்கொடி எழுந்து உள்ளே போனார். திரும்பி வரமாட்டார் என்று நினைத்தேன். மகளின் நோட்டும் பேனாவும் எடுத்து வந்தார்.

"இப்ப சொன்னத எழுதிக் குடுங்க. தமிழ்லயே எழுதுங்க. யாரும் படிச்சுக் காட்டாம நானே படிக்கணும்."

வேலை போகும், வழக்கும் வரும் என்று தெரியும். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சேகர் கேட்டதையும் நான் மறுத்ததையும் அதே சொற்களில் எழுதி, கையெழுத்திட்டேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"ஆசுபத்திரில உசுரோட இருந்தப்பவே இத எழுதியிருக்கலாமே சார். அவுங்களும் பாத்துட்டுப் போயிருப்பாங்க."

ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மாலை 4.10. சென்னைப் பேருந்து காரைக்காலை விட்டு நகரும்போது அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. புதிதாக இரண்டு கணினி அலமாரிகள், நாளைக் காலை இணைப்பு வேலை, மின்சாரம் நிற்காது, என் அனுமதி வேண்டும். போனிலேயே மறுத்தேன். காரணம் கேட்ட இடத்தில், 'அணைத்துவிட்டுச் செய்யுங்கள்' என்று எழுதினேன்.

சீர்காழி வருவதற்குள் இன்னொரு பொறுப்பாளர் அனுமதி கொடுத்துவிட்டதாக அடுத்த செய்தி வந்தது. பேனலைத் திறக்கப் போகிறவரின் பெயரும் அதில் இருந்தது. தெரிந்த பையன்தான், சேகரிடம் வேலை பழகியவன். உடனே அவனை அழைத்தேன். எடுக்கவில்லை. கொள்ளிடம் பாலத்தில் மறுபடி அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.