டெய்லர் போட்ட நேர்கோடு

மன்றத்து நண்பர்களே, இதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு நான் வீட்டுக்குப் போய்ப் படுக்கப் போகிறேன்.

இன்று சாயந்திரம் ஜாலான் பெண்டஹாரா தெருக் கடையில் தையலை முடித்துவிட்டுக் காஜா பெராங் போகும் பஸ் ஏறினேன். மடியில் மாலை வகுப்பு நோட்டு.

இரண்டு புள்ளிகளைக் கொடுத்து நேர்கோட்டின் சமன்பாடு கேட்டிருந்தார்கள். ஒய் சமம் இரண்டு எக்ஸ் கூட்டல் ஒன்று என்று வந்தது. வரைந்து பார்த்தால் கோடு கீழே இறங்கியது. படத்தை நம்பி, இரண்டை மைனஸ் இரண்டு என்று மாற்றினேன். எட்டுக் கணக்கும் இப்படித்தான். வாத்தியார் எட்டையும் சிவப்பில் அடித்துவிட்டார்.

பக்கத்து சீட்டில் இருந்த நில அளவை ஆபீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க டெய்லரா?”

“எப்படித் தெரியும்?”

“கழுத்துல நாடா தொங்குதே. துணியில கழுத்துலேர்ந்து கீழ அளப்பீங்க. கிராப்புல மேல ஏறணும். உங்க கணக்கு சரிதான், புள்ளியைத்தான் தலைகீழா வெச்சிருக்கீங்க.”

பன்னிரண்டு வருஷமாகக் கீழே இறங்கியே பழகிய கை. மெர்டேக்கா வந்தாச்சு, நாடு சுதந்திரமாச்சு, படித்தால் ஆபீஸ் கிராணி ஆகலாம் என்றவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. பரீட்சை திங்கட்கிழமை.

யோசனை இருந்தால் இந்தத் தாளில் கீழே எழுதுங்கள். மேலே எழுதினால் எனக்குப் படிக்க வராது.