அலாரம் அலற அலற அரியலூரிலிருந்து செட்டிகுளம்

செட்டிகுளம் மலைக்கோயிலுக்குக் காரில் போக வழி எப்படி என்று போன பதிவின் பின்னூட்டத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வழி சுலபம். நான் போன விதம்தான் கேவலம். 2006 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தங்கை வசந்தாவின் மகள் காவியாவுக்கு அங்கே காதுகுத்து. நான்தான் தாய்மாமன். பிள்ளையை என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை.

அப்பா அம்மா இரண்டு பேரும் எப்போதோ காலமாகிவிட்டார்கள். வசந்தாவுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான் மட்டும்தான். அவள் மாமியார் வேறு நாள் குறித்தபோதே, "பொறந்த வூடுன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு அன்னைக்குத் தெரிஞ்சிரும்" என்று சொல்லியிருக்கிறார். வசந்தா போனில் அழுதுகொண்டே சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு, அன்றைக்கே சீரோடு போய் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு வைராக்கியத்தில்தான் பழைய 800 கார் ஒன்றை வாங்கினேன். பஸ்ஸில் கூடையோடு போய் இறங்காமல், காரில் போய் இறங்க வேண்டும் என்று.

வாங்கினவன் சும்மா இருந்தேனா? திருச்சியில் ஒரு கடையில் அலாரம் மாட்டினேன். திருடன் தொட்டால் சைரன் ஊதுமாம், இஞ்சினும் கிளம்பாதாம். கடைக்காரன் சொல்லாமல் விட்டது என்னவென்றால், லாரி போனாலும் ஊதும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி போகாத நேரம் ஏது? தெருவே என்னைத் திட்டியது. வசந்தாவோடு போனில் பேசும்போதெல்லாம் பின்னால் அது அலறும். "என்னண்ணே, உன் வண்டி மறுபடியும் ஒப்பாரி வைக்குதா?" என்று சிரிப்பாள். காதுகுத்து முடியட்டும், கழற்றிப் போடுகிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம், நானும் என் மனைவி செல்வியும். பின்சீட்டில் சீர்த்தட்டுகள், வாழைத்தார், பட்டுப்பாவாடை, ஒரு கட்டுக் கரும்பு. செட்டிகுளத்து முருகன் கையில் கரும்போடு நிற்கிறவர், அதனால் கரும்பு. தோடு செல்வியின் இடுப்புச் சுருக்குப்பையில். அரியலூரிலிருந்து பெரம்பலூர் முப்பது கிலோமீட்டர். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏழு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"பூஜை போடாத வண்டில மலைக்கோயிலுக்குப் போறதா?" என்றாள் செல்வி. சரியென்று ரோட்டோரப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தினேன். ஐயர் பானெட்டுக்கு, ஸ்டியரிங்குக்கு, நாலு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். நான் சும்மா இருக்காமல் அலாரம் ரிமோட்டை நீட்டி, "சாமி, இதுக்கும் வைங்க, இதுதான் வண்டியக் காவல் காக்குது" என்றேன். அவரும் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, மேலே தீர்த்தத்தையும் தெளித்துக் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பினோம்.

பெரம்பலூர் பாலக்கரையில் காரைப் பூட்டிவிட்டு டீ குடித்தோம். டீ இரண்டரை ரூபாய், நல்ல டீ. பாதி குடிப்பதற்குள் ஒரு கரும்பு லாரி காரை ஒட்டிப் போனது. அவ்வளவுதான், அலாரம் ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் ரிமோட்டை அழுத்தினால் பொத்தான் உள்ளே போகவே இல்லை. பொத்தான் இருந்த இடத்தில் சந்தனம்தான் இருந்தது. சுரண்டினேன், துடைத்தேன், ஊதினேன், வேட்டியில் தேய்த்தேன். உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது போல, சிவப்பு விளக்குகூட எரியவில்லை. சாவியால் கதவைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் முக்கலும் இல்லை, முனகலும் இல்லை. சைரன் மட்டும் காதைப் பிளந்தது.

செட்டிகுளம் டவுன் பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது பத்து மணிக்கு மேல். முகூர்த்த நாள் என்பதால் ஸ்டாண்டில் ஒரு வாடகைக் கார் இல்லை. துறைமங்கலத்தில் கார் ஒயரிங் பார்க்கும் காதர் பாயை டீக்கடைக்காரர் போன் போட்டு வரவழைத்தார். பாய் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சார், தெரியாததத் தெரியும்னு சொல்லமாட்டேன். இந்த அலாரத்த நான் தொட்டதே இல்ல. எல்லா ஒயரும் கருப்பா இருக்கு."

"ஏன் பாய் எல்லாமே கருப்பு?"

"திருடனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான். இப்ப நமக்கும் தெரியல."

திருச்சிக் கடைக்காரனுக்குப் போன் செய்தேன். "சார், ஒயர வெட்டிராதீங்க, வாரன்டி போயிரும், திங்கக்கிழமை கொண்டாங்க" என்றான். "உன் வாரன்டிய நீயே வச்சுக்கய்யா!" என்று கத்திவிட்டு வைத்தேன். கடையில் அவர்கள் மாட்டும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தவன் நான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு தடித்த ஒயரை வெட்டி, அலாரத்தோடு இணைத்து, டேப் சுற்றியது ஞாபகம் வந்தது. புது டேப் எங்கே என்று நானும் பாயும் தலையோடு தலை முட்டத் தேடினோம். கிடைத்தது. "பிஸ்மில்லா" என்று சொல்லி பாய் வெட்டின இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினார். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஆனால் சைரன் நிற்கவில்லை. அலாரம் பெட்டியின் ஒயரையும் பாய் பிடுங்கிப் பார்த்தார். சைரனுக்குள்ளேயே தனி பேட்டரியாம். ஒயரைப் பிடுங்கினால், திருடன்தான் பிடுங்கிவிட்டான் என்று இன்னும் கோபமாக ஊதியது. அதை அணைக்க ஒரு குட்டிச் சாவி உண்டு. அது அரியலூரில், அட்டைப்பெட்டிக்குள், பத்திரமாக. சைரனைக் கழற்ற வேண்டுமானால் வைப்பருக்கு அடியில் இருக்கும் தகட்டையெல்லாம் பிரிக்க வேண்டும், ஒரு மணி நேரமாகும் என்றார் பாய். மணி ஒன்பது முப்பத்தைந்து.

"ஊதட்டும். ஏறு" என்றேன் செல்வியிடம்.

"இப்படியேவா? மானம் போயிருங்க!"

"மானத்தக் காப்பாத்தத்தான் போறேன். ஏறு நீ."

பாய்க்கு இருநூறு ரூபாய் கொடுத்தேன். நூறை வைத்துக்கொண்டு, சீருக்கு என்று நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த சமயம், எங்கு பார்த்தாலும் மாற்றுப்பாதை, ஒரே புழுதி. எனக்கு அது ஒன்றும் தடையாக இல்லை. ஆம்புலன்ஸ் என்று நினைத்து லாரிக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிறுவாச்சூர் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னய்யா, எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல சார், காதுகுத்து. அலாரம் ரிப்பேர்."

குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். தட்டு, தார், கரும்பு. "நீ யாரு, தாய்மாமனா?"

"ஆமா சார். பத்தரை வரைக்கும்தான் முகூர்த்தம்."

"அப்புறம் ஏன் நிக்கிற? போ, போ!" என்று எதிரே வந்த டிராக்டரை நிறுத்தி எனக்கு வழிவிட்டார். அந்தப் புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஆலத்தூர் கேட்டில் வலதுபக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் சின்ன வெங்காயக் காடு. களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தால் இல்லை. பத்தரை ஆகிவிட்டால் என் தங்கச்சி அந்தச் சபையில் எப்படி நிற்பாள் என்ற ஒரே நினைப்புதான்.

அங்கே நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். நான் வராததைப் பார்த்து, மாமியார் எங்கள் பெரியப்பா மகனைக் கூப்பிட்டு மணையில் உட்காரச் சொல்லியிருக்கிறார். வசந்தா பிள்ளையை யாரிடமும் கொடுக்காமல் தன் மடியிலேயே இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். தூரத்தில் சைரன் கேட்டதும் சனம் எல்லாம் ஆம்புலன்ஸ் என்று எழுந்து பார்த்திருக்கிறது. இவள் மட்டும், "ஆம்புலன்ஸு இல்ல, எங்கண்ணன் வந்துருச்சு" என்று சொல்லிச் சிரித்தாளாம்.

அடிவாரத்து மண்டபத்தை ஒட்டி நிறுத்தும்போது மணி பத்து பதினைந்து. தட்டைச் செல்வி எடுக்க, நான் ஓடிப்போய் மணையில் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு காவியா என் மடிக்கு வந்தாள். வந்தவள், சைரனுக்குப் பயந்து இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டாள். ஆசாரி ஊசியோடு கெஞ்சுகிறார், வசந்தா கெஞ்சுகிறாள், கை இறங்கவே இல்லை. மூன்று வயசுப் பிள்ளையின் பிடி அப்படி. வெளியே என் கார் ஊதுகிறது. பத்தரைக்கு இன்னும் ஐந்து நிமிஷம். என்னால் வந்த வினை என் மடியிலேயே உட்கார்ந்திருந்தது.

"பாப்பா, மாமா வண்டி அழுவுது பாரு. நீ கையை எடுத்தாத்தான் அது அழுகைய நிறுத்தும்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பேட்டரி தீர்ந்ததோ, முருகன்தான் பார்த்தாரோ, சைரன் இழுத்து இழுத்து முனகி, அப்படியே அடங்கியது. காவியா ஆச்சரியப்பட்டு, கேட்கிறதா என்று பார்க்க மெதுவாகக் கையை எடுத்தாள். ஆசாரி அந்த ஒரு நொடிக்குத்தான் காத்திருந்தார். அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்துக்கு என் சைரன் பிச்சை வாங்க வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெரம்பலூரிலிருந்து ஆலத்தூர் கேட் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டீ, டிபனைப் பெரம்பலூரிலேயே முடித்துவிடுங்கள். மலை ஏறும்போது வெயிலுக்கு முன்னால் ஏறுங்கள். திரும்பும்போது காட்டிலேயே வெங்காயம் வாங்கலாம். வெளிக்கடையில் அலாரம் மாட்டுகிறவர்கள், எந்த ஒயரை எங்கே வெட்டினார்கள் என்று கூட நின்று பாருங்கள். சைரன் சாவியை வண்டியிலேயே வையுங்கள். சாமிக்கு எதை வேண்டுமானாலும் காட்டுங்கள், ரிமோட்டை மட்டும் பையிலேயே வைத்திருங்கள்.

அந்தச் சனியனை மறுநாளே கழற்றிவிட்டேன். போன மாதம் வசந்தா வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்தது அவள் மாமியார்.

"என்ன தம்பி, சத்தமே இல்லாம வந்து நிக்கிறீங்க? முன்ன மாதிரி ஊதிக்கிட்டு வந்தா, எம் மருமவளுக்குப் பொறந்த வூட்டுலேருந்து ஆளு வருதுன்னு தெருவுக்கே தெரியும்ல!"