வீகோ துறைமுகத்தில் தேய்பிறைத் தசமி

கப்பலில் போகிறவனுக்குக் கடல் மட்டும் போதாது என்பதை எழுபது வயதைக் கடந்த பிறகே அறிந்துகொண்டேன். கப்பல் ஒரு துறைமுகத்தை அடைந்ததும் அவன் இறங்கி எதையாவது பார்த்தாக வேண்டும்; பார்த்ததற்கு அத்தாட்சியாக எதையாவது வாங்க வேண்டும்; கப்பல் கிளம்புவதற்குள் ஓடி வந்துவிட வேண்டும். இதற்குக் கரைச்சுற்றுலா என்று பெயர். இங்கிலாந்தில் புறப்பட்டு, ஸ்பெயினின் வடகரைத் துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பும் ஒரு கப்பலுக்காக அப்படிப்பட்ட சுற்றுலாக்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சென்ற சித்திரையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவள் லண்டனில் இருக்கும் என் மகள். துக்கத்தில் இருக்கும் தகப்பனுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பயணம் முதலில் மூன்று பேருக்கானது. கேட்டவள் என் மனைவி. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஓய்வு பெறும் வரை புவியியல் கற்பித்தவள். ஆறு ஓடிய பள்ளத்தாக்கில் கடல் ஏறி வந்து அங்கேயே தங்கிவிட்டால், அந்தக் கடற்கரைக்கு ரியா என்று பெயர். சொல்லே ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலிருந்து வந்தது. விரித்த கை விரல்களைப் போல நிலத்துக்குள் நீண்டிருக்கும் அந்த நீர்ப்பரப்பை அவள் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்தாள். மாணவிகள் ஆண்டுதோறும் தேர்வில் வரைந்து மறந்தார்கள். அவள் நேரில் பார்த்த கடல்கள் ராமேஸ்வரமும் மெரினாவும். இரண்டிலும் ரியா கிடையாது. ஓய்வு பெற்றதும் காசி, பத்ரி என்று கிளம்பும் தோழிகளிடையே இவள் மட்டும் வீகோ என்று ஓர் ஊரின் பெயரைச் சொன்னபோது, அது எந்த ஆழ்வார் பாடிய திவ்யதேசம் என்று உறவில் ஒருவர் கேட்டார்.

சென்ற வருடம், ஆவணி பிறந்த கையோடு, ஒரு காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதைப் பற்றி மேற்கொண்டு எழுதுவதாக இல்லை.

மகள் பயணத்தை ரத்து செய்யவில்லை. அடுத்த வருடத்துக்கு மாற்றினாள். முதல் வருடம் முடியாமல் நான் சமுத்திரம் தாண்டக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். அம்மா இறந்த ஆங்கிலத் தேதிக்குப் பிறகு தாராளமாக இடைவெளி விட்டு, செப்டம்பர் முதல் பாதியில் ஒரு கப்பலைப் பிடித்தாள். என்னைக் கேட்டாள். நானும் தலையாட்டினேன். அவள் கணக்காயர், நான் கணிதப் பேராசிரியராக இருந்தவன். எங்களைத் தாண்டி ஒரு கணக்கு தப்பிவிடுமா என்ன.

பிறகு சுற்றுலாக்களைப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றின் அருகிலும் நடக்கும் மனிதனின் சின்ன உருவம் போட்டிருந்தது. ஓர் உருவமென்றால் சிரமமில்லாத நடை. மூன்று உருவமென்றால் படிகள், மேடுகள், கரடுமுரடான கற்கள். பில்பாவில் உலோகத் தகடுகளைக் கசக்கிக் கவிழ்த்தது போன்ற ஓர் அருங்காட்சியகம். அதை வெளியிலிருந்து பார்ப்பது ஒரு சுற்றுலா, உள்ளே சென்று பார்ப்பது இன்னொரு சுற்றுலா. உள்ளே போனவர்கள் வெளியே பார்க்காமல் எப்படிப் போனார்கள் என்று விளக்கப்படவில்லை. சாந்தாந்தேரில் ஓர் அரசர் கோடையைக் கழித்த மாளிகை. அரசர் இப்போது இல்லை, கோடை இருக்கிறது. ஹிஹோனில் ஆப்பிள் மதுவைத் தலைக்கு மேல் கையை உயர்த்தி, இடுப்புக்குக் கீழே பிடித்த டம்ளரில் ஊற்றுவார்களாம். காபியை ஆற்றுவதில் நாங்கள் கண்ட உயரம்தான் இது. ஆனால் அதைப் பார்க்க யாரும் எங்களிடம் பேருந்தில் வருவதில்லை. லா கொருன்யாவிலிருந்து ஒரு மகா தலத்துக்குப் போய்வரலாம். மக்கள் வாரக்கணக்கில் நடந்து, கால் கொப்பளித்து வந்து சேரும் தேவாலயம் அது. கப்பல்காரர்கள் அங்கே குளிர்சாதனப் பேருந்தில் போய், தரிசனத்துக்கும் கடைகளுக்குமாகச் சேர்த்து ஒரு சிறு அவகாசம் பெற்று, மாலைத் தேநீருக்குத் திரும்பிவிடுவார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு. ஏனென்றால் நானே ஒரு கரைச்சுற்றுலாவுக்குள் குடியிருக்கிறேன். உத்தர வீதியில் எங்கள் அடுக்ககத்தின் வாசலைக் கடந்து, சட்டையில் எண் ஒட்டிய வெளிநாட்டவர்கள் குடை தூக்கிய வழிகாட்டியின் பின்னால் தினமும் போகிறார்கள். கோயிலின் மேல்தளத்தில் ஏறிக் கோபுரங்களைப் பார்க்கிறார்கள். பெருமாளைப் பார்க்க அனுமதி இல்லாததால் பட்டுக்கடையைப் பார்க்கிறார்கள். ஒருநாள் பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்த என்னை ஒருவர் படமெடுத்துவிட்டுக் கைகூப்பினார். கப்பல் பட்டியலை எனக்கு முன்பே படித்திருந்த என் மனைவி உள்ளேயிருந்து, அவருக்கு நடை எத்தனை உருவம் போட்டிருக்கும் என்று கேட்டாள். மேலதிகமாக நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன்: நான் குறித்து வைத்த சுற்றுலாக்கள் எல்லாமே ஓர் உருவம் போட்டவை. என் முழங்கால்களில் ஒரு குறையும் இல்லை. குறை அவள் முழங்கால்களில் இருந்தது.

கடைசித் துறைமுகம் வீகோ. ரியாவைப் பார்க்க ஒரே ஒரு வழிதான் இருந்தது: உல்லாசப் படகு. நீரில் மிதக்கும் மரச்சட்டங்களில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பதைப் பார்வையிடுவார்கள். பிறகு அந்தச் சிப்பிகளையே அவித்து, தட்டுத் தட்டாக, வெள்ளை ஒயினுடன் அளவில்லாமல் பரிமாறுவார்கள். சைவ உணவு வேண்டுவோர் முன்கூட்டியே தெரிவித்தால் ரொட்டி ஏற்பாடு செய்யப்படும். வானிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல.

பூண்டைக்கூட வீட்டுக்குள் விடாத ஒருவன் அந்தப் படகில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசித்தேன். அன்று ஏகாதசியாக அமைந்துவிட்டால் உபவாசம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஸ்பெயின்காரர்களுக்கு உபவாசம் தெரிந்த விஷயமாகத்தான் இருக்கும். பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். ஏகாதசி மறுநாள். வீகோ நாள் தசமி. ஆவணி மாதம், தேய்பிறைத் தசமி.

பக்கத்தை மூடிவிட்டு மீண்டும் திறந்து பார்த்தேன். பஞ்சாங்கம் மாறவில்லை. அவள் போனது ஆவணித் தேய்பிறைத் தசமியில். சென்ற வருடம் அது மாதத் தொடக்கத்தில் வந்தது. இந்த வருடம் மாதக் கடைசிக்கு நகர்ந்திருக்கிறது. ஆங்கிலத் தேதி சொன்ன சொல்லில் நிற்கும், திதி நிற்காது. இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியவைக்க என்னால் முடியும். எங்களுக்குப் புரியவைக்க ஆளில்லை. ஆண்பிள்ளை இல்லாத வீடு. முதல் வருஷத் திதியான வருஷாப்திகத்தைச் செய்ய வேண்டியவன் நான். அவளுக்காகச் செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள் ஒரே நாளில், இரண்டு கண்டங்களில் விழுந்திருந்தன.

வாத்தியாருக்குத் தொலைபேசினேன். எங்கள் வீட்டுக் காரியங்களைச் செய்துவைப்பவர், காலத்தோடு ஒத்துப்போகிறவர். முதல் வருஷத்துத் திதியைத் தள்ளிப்போடுவது உசிதமில்லை என்றார். சமுத்திரம் தாண்டுவதும் உசிதமில்லைதான், ஆனால் தாண்டுகிறவர்கள் நிறையப் பேர் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். அமெரிக்காவில் பலருக்கு அவர் வீடியோவில் செய்துவைக்கிறாராம். கப்பலில் நெட் கிடைக்குமா என்று விசாரித்தார். பிண்டத்தை என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஜலத்துலதானே ஸ்வாமி சேர்க்கணும்? உங்களைச் சுத்திலும் ஜலம்தானே. ஜன்னலைத் திறந்து சேர்த்துடுங்கோ."

கப்பலிலிருந்து கடலில் எதையும் வீசுகிறவரை அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிடுவார்கள் என்று விதிமுறைகளில் படித்திருந்தேன். அடுத்த துறைமுகம் இங்கிலாந்து என்பதால் அது பெரிய தண்டனையாக இருக்காது என்று வாத்தியார் ஆறுதல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் வீடியோவில் வந்தாள். எந்தெந்தச் சுற்றுலா என்று முடிவாயிற்றா என்று கேட்டாள். திதியைச் சொன்னேன்.  அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்ளத் தொடங்கினாள். அதை நிறுத்தச் சொன்னேன். கப்பலை மாற்ற முடியாது, ஏற்கெனவே ஒருமுறை மாற்றியாகிவிட்டது. கேன்சல் பண்ணிவிடலாம் என்றாள். அடுத்த நிமிஷமே வேறொன்று சொன்னாள்.

"அம்மா இருந்தா உன்னைக் கப்பல்லதான் ஏறச் சொல்லியிருப்பா. உனக்கும் தெரியும்."

"சொல்லியிருப்பா. திதியை விட்டுட்டேன்னு அப்புறம் அதையும் சொல்லிக் காட்டியிருப்பா."

அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. நான் என் முடிவைச் சொன்னேன். நான் இங்கேயே இருந்து செய்கிறேன், நீ போ. தனியாகப் போய் நான் என்ன செய்வேன் என்றாள். மற்ற ஊர்களில் கப்பலை விட்டு இறங்காமல் தூங்கலாம், வீகோவில் மட்டும் அந்தப் படகில் ஏற வேண்டும் என்றேன். அருங்காட்சியகத்தை உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ பார்ப்பது அவள் விருப்பம்.

லண்டனில் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதே எங்களுக்குள் ஏற்பாடு. அவள் அம்மா கேட்டாள், பதிலும் பெற்றாள், எனக்குச் சொல்லவில்லை. அது இன்னொரு ஏற்பாடு.

"அன்னிக்கு மட்டும்," என்றேன், "அந்தச் சிப்பி வேண்டாம்."

"சரிப்பா," என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. சாப்பாடு பற்றி நான் அவளிடம் கேட்டுக்கொண்ட முதல் விஷயம் அது.

ஆவணி முடிய இருக்கையில் அந்தத் தசமி வந்தது. வாத்தியார் சொன்ன நேரத்துக்கு வந்தார். முதல் தடவையாக இருக்கலாம். பித்ருக்களின் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட ஸ்வாமிகளாக வரிக்கப்பட்ட இருவரும் எள்ளுருண்டையைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். தாம்பூலம் வாங்கிக்கொண்டு போகும்போது வாத்தியார், கப்பல் இந்நேரம் எங்கே இருக்கும் என்று கேட்டார். துறைமுகத்தில் நிற்கும் என்றேன். நின்றால் நெட் நன்றாகவே கிடைத்திருக்கும் என்று வருத்தப்பட்டார்.

நான் சாப்பிட்டு முடித்துக் கையலம்பிவந்தபோது மகள் அழைத்தாள். அங்கே முற்பகல். திரையில் அவள் முகத்துக்குப் பின்னால் ஒரே வெள்ளையாக இருந்தது. சுவரோ என்று நினைத்தேன்.

"அப்பா, ஒண்ணுமே தெரியலை. பனி மூடியிருக்கு. அரைமணியில விலகிடும்னு கைடு சொல்றா. நேத்திக்கும் அப்படித்தான் சொன்னாளாம்."

வானிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று முன்னரே எழுதித்தந்த நேர்மையை நினைவூட்டினேன். தட்டு வந்ததா என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள். வந்ததாம், வேண்டாம் என்றாளாம், ஒயினையும் வேண்டாம் என்றதும் உடம்பு சரியில்லையோ என்று பயந்து ரொட்டித்துண்டும் ஒரு போர்வையும் கொடுத்தார்களாம். காரியம் ஆச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன்.

அவள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அம்மா இங்க என்னதான் பார்க்கணும்னு இருந்தா? பனி விலகினா நான் எதைப் பார்க்கணும்?"

எனக்குப் புவியியல் தெரியாது. ஆனால் ஒருத்தி பக்கத்து அறையில் உட்கார்ந்து, மறுநாள் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படிப்பட்ட கணிதக்காரனுக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

"அது ஒரு ஆத்தோட பள்ளத்தாக்கு," என்றேன். "கடல் உள்ளே வந்துடுத்து. பள்ளத்தாக்கு எங்கேயும் போகலை, அடியில அப்படியேதான் இருக்கு. மேலேர்ந்து பார்த்தா தண்ணிதான் தெரியும்."

"அப்போ பனி விலகினாலும் தண்ணிதானா?"

"நடுவுல பார்க்காதே. ஓரத்தைப் பாரு. கரை வளையற விதத்துல, ஆறு எப்படிப் போச்சுன்னு தெரியும்."

அவள் தொலைபேசியைத் திருப்பி வெளியே காட்டினாள். நான் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. கீழே வீதியில் குடை தூக்கிய வழிகாட்டி ஆங்கிலத்தில் எதையோ விளக்கிக்கொண்டு போனார். இருவரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, இடது பக்கம் ஒரு கோடு மாதிரி தெரிகிறது என்றாள்.

வளைகிறதா என்று கேட்டேன்.

வளைகிறது என்றாள்.