பாதுகாப்புக்காகப் போட்ட கையுறை

நல்லூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை வலியே இல்லை. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அது ஆற அமர வந்தது. ரத்தம் ஊறிய கட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும், "கம்பெனியிலயாங்க?" என்று கேட்டார்கள். வீட்டில்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இருபத்திரண்டு வருடம் துணி வெட்டும் மெஷினோடு பழகியும் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. இரும்பு வளையம் கோத்த கையுறை போடாமல் யாராவது மெஷினைத் தொட்டால் என்னிடம் அன்றைக்கு அவருக்கு அர்ச்சனை நிச்சயம். அந்தத் திமிரோடுதான் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, மேசை நடுவே வட்டத் தகடு சுழலும், மரம் அறுக்கும் ரம்பம் ஒன்றை வாங்கி வைத்தேன். முதல் வேலை, ஒரு செருப்பு அலமாரி. இரும்புக் கையுறை கம்பெனிச் சொத்து. ஆகவே மீந்த பனியன் துணியை நான் வெட்டிக் கொடுக்க, ஓவர்லாக் டெய்லரான என் மனைவி செல்வி ஒரு ஜோடி கையுறை தைத்துத் தந்தாள்.

இரண்டாவது பலகையைத் தள்ளும்போது ரம்பப் பல் கையுறை நுனியைக் கவ்வியது. துணியோடு கையையும் சேர்த்து உள்ளே இழுத்தது. வலது ஆள்காட்டி விரல்.

"கையுறை எதுக்குப் போட்டீங்க?" என்றார் டாக்டரம்மா.

"பாதுகாப்புக்குங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சுழலும் ரம்பத்துக்கு முன்னால் கையுறை, தொங்கும் சட்டைக் கை எதுவுமே ஆகாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். வெறுங்கை என்றால் கீறலோடு போயிருக்கலாமாம். இந்தக் கையுறையில் தையல்கூடப் பிரியவில்லை, அவ்வளவு உறுதி என்றார். பக்கத்தில் செல்விக்குப் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

டெண்டன் (தசையை எலும்போடு பிணைக்கும் நாண்) தப்பித்தது. விரலோர நரம்பு (நுனியின் தொடுவுணர்வைக் கொண்டுவருவது) அறுந்திருந்தது. அதைச் சேர்த்துத் தைத்தார்கள். கட்டு மாற்றும்போது செல்வி குனிந்து தையலைப் பார்த்துவிட்டு, "இன்ச்சுக்குப் பன்னண்டு தையல் வருங்களா, டாக்டர்?" என்றாள். டாக்டரம்மா அன்றுதான் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டைவிரலுக்கும் அந்த விரலுக்கும் நடுவே துணியைத் தேய்த்தே அதன் கனத்தைச் சொல்கிறவன் நான். அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. நுனி மரத்தே கிடந்தால் என்ன செய்வேன் என்று பயந்தேன்.

நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போல வளரும் என்றார்கள். வெட்டிலிருந்து விரல் நுனிவரை டேப்பை வைத்து அளந்தேன், ஐம்பது மில்லிமீட்டர், அதாவது ஐம்பது நாள். காலண்டரில் வட்டம் போட்டேன். ஐம்பதாம் நாளும் விரல் மரக்கட்டையாகவே இருந்தது. நரம்புக்கு ஷிப்மென்ட் தேதியெல்லாம் கிடையாது. நீங்களும் கட்டோடு உட்கார்ந்து இதைப் படிப்பவரென்றால் காலண்டரைத் திருப்பி மாட்டிவிடுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு விதவிதமான துணிகளை அந்த விரலால் மட்டும் தொடுவது பயிற்சி. தினமும் சாயங்காலம் செல்வி துண்டுத்துணிக் கூடையோடு வருவாள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். ஒருநாள் ஆத்திரத்தில் கூடையை உதைத்தேன். அவள் பொறுக்கி எடுத்துக்கொண்டு மறுநாளும் வந்தாள்.

நான்காம் மாதம் ஒரு சாயங்காலம் விரல் நுனியில் ஏதோ சொரசொரத்தது.

"டவல் துணி," என்றேன். "மட்டமான நூல். பிசிறு நெறயா இருக்குது."

கண்ணைத் திறந்தேன். நான் தடவிக்கொண்டிருந்தது அவள் உள்ளங்கையை.

"ஏனுங்க, கட்டிக்கிட்டு வந்து பத்தொம்போது வருசமாச்சு," என்றாள் செல்வி. "இன்னைக்குத்தான் தொட்டுப் பாத்துச் சொல்றீங்க."

நான் அந்தக் கையை விடவில்லை. எனக்கு அழுகை வந்தது.

செருப்பு அலமாரி முடிந்துவிட்டது. இப்போது வெறுங்கைதான், பலகையை ஒரு நீளக் கட்டையால் தள்ளுகிறேன். அந்த விரல் மற்றவற்றைவிட ஒரு மூச்சு தாமதமாகத்தான் சேதி சொல்கிறது. முன்பெல்லாம் தொட்டதும் சொல்லிவிடுவேன். இப்போது பொறுத்துச் சொல்கிறேன். செல்வியின் கையைப் பிடிக்கும்போது வாயை அடக்க அந்த ஒரு மூச்சு போதுமாக இருக்கிறது.